இடப்பக்கச் சுவர்

புனேவில் என் கை படாத பேட்டை இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்வதாக நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். கிர்க்கியில் நம் தமிழ் ஜனங்கள் கல்யாணம் செய்கிற மண்டபம், கடைக்கால் முதல் மொட்டைமாடி வரை நான் நின்று எழுப்பியது. ஹடப்சரில் பதினோரு அடுக்குமாடிகளுக்குப் பூச்சும் வர்ணமும் என் ஆட்கள். கராடியில் கம்ப்யூட்டர் பிள்ளைகள் வேலை செய்கிற கண்ணாடிக் கட்டடங்களில் மூன்றுக்கு உள்வேலை முழுக்க என்னுடையது. அதில் ஒன்றில்தான் இன்று என் மகன் ஏசி குளிரில் உட்கார்ந்திருக்கிறான். ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலைக்கு ஷெட். ஆரணியில் சொந்தமாக மூன்று மாடி. படிப்பு மூன்றாம் வகுப்பு. பத்தொன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு புனே ஸ்டேஷனில் இறங்கியபோது இந்தியில் எனக்குத் தெரிந்தது 'பானி' ஒன்றுதான். மராத்திக்காரன், குஜராத்திக்காரன், பீகாரி என்று அத்தனை பேர் போட்டிக்கு நின்ற ஊரில், 'மதராசி மேஸ்திரி பூசினால் உரியாது' என்று பெயர் வாங்கினேன்.

இத்தனை கட்டடத்தில் ஒன்றில்கூட என் பெயர் எழுதியிருக்காது. எங்கள் தொழிலில் அது வழக்கமில்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது ஒரு இடத்தில் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு பொம்பளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் ஒன்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். செஞ்சிப் பக்கத்துக்காரி. அதனால் செஞ்சியம்மா. என்னைவிடப் பத்து வயது பெரியவள், ஆனால் நான் ஒருநாளும் 'அக்கா' என்று கூப்பிட்டதில்லை. 'இந்தாம்மா' என்பேன், கோபம் வந்தால் அதுவும் இருக்காது. அவளும் பதிலுக்கு 'மேஸ்திரி' என்பாளே தவிர 'தம்பி' என்றதில்லை. ஒல்லி உடம்பு. தலையில் ஆண்பிள்ளைத் துண்டைக் கட்டிக்கொள்வாள். சேலைமேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டை. முன்கையில் பச்சை குத்திய எழுத்து இருந்தது. அது எப்போதும் சுண்ணாம்புக்கு அடியில்தான் கிடக்கும்.

சுரண்டுவதுதான் அவள் வேலை. புது வர்ணம் அடிக்கும் முன் பழைய பூச்சைத் தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாரும் காலையில் வந்ததும் தகட்டைத் தூக்கிக்கொண்டு சுவரில் பாய்வார்கள். இவள் பாய மாட்டாள். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துச் சுவரைத் தடவிக்கொண்டே அந்த அறையை ஒரு சுற்று வருவாள். எங்காவது ஒரு கிறுக்கல், ஒரு கறை, ஓர் ஆணித் துளை கண்ணில் பட்டுவிட்டால் போச்சு, வீட்டுக்காரர்களைத் தேடிப் போய்விடுவாள்.

"இத அழிக்கட்டுமா? வேணுமா?"

யார் வீடானாலும் அதே கேள்வி. தமிழ் வீட்டில் தமிழில், மற்ற வீட்டில் கையைக் காட்டி, "யே... சாஹியே?" அவ்வளவுதான் அவள் இந்தி.

கிர்க்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தது. பிள்ளைகள் வளர வளர உயரம் அளந்து போட்ட கோடு. இவள் வீட்டுக்கார அம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள். அந்த அம்மா கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்து, "ஐயோ, நானே மறந்துட்டேனே," என்றது. இவள் அந்தக் கோடுகளைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சுவரைத் தொடாமல் விட்டுவிட்டாள்.

நான் சாயங்காலம் வந்து பார்த்தேன். பளபளவென்ற சுவரில் மேலிருந்து கீழ்வரை அழுக்குப் பட்டை.

"இன்னாம்மா இது? பொறந்த கொழந்தைக்குத் தொப்புள்கொடி விட்ட மாதிரி தொங்குது?"

"அவங்க வேணும்னாங்க மேஸ்திரி."

"நீ கேட்டதாலதான் வேணும்னாங்க. நீ ஏன் கேட்ட?"

"கேக்காம எப்படி அழிக்கிறது?"

அந்த வரிசையில் மேலும் மூன்று வீட்டு வேலை அந்த அம்மா மூலமாகத்தான் வந்தது. வந்ததும், என் வேலைச் சுத்தத்துக்குக் கிடைத்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். இப்போதுதான் உண்மையைச் சொல்கிறேன்.

ஹடப்சரில் ஒரு பிளாட். கோயம்புத்தூர்ப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்து காலி செய்தது. சுவரெல்லாம் போன் நம்பர், கிரிக்கெட் ஸ்கோர், யாரோ ஒரு பெண்ணின் பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவள் எது நம்பர் எது பெயர் என்று கண்டாளா? கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த பையனை நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "எல்லாத்தையும் அழிச்சிருங்க ஆன்ட்டி," என்றான். இவள் விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு. அப்பால வராது." அவன் அந்தப் பெண்ணின் பெயர் முன்னால் போய் நின்றான். சிரிப்பு நின்றுவிட்டது. "ஆமாங்க, அழிச்சிருங்க," என்றான். அதற்கப்புறம்தான் தகட்டை எடுத்தாள்.

எங்கள் ஆட்கள் அவளை ஓட்டாத நாள் இல்லை. "செஞ்சியம்மா, இங்க ஒரு கரப்பான் குடும்பம் இருக்குது. காலி பண்ணட்டுமான்னு கேட்டுச் சொல்லு," என்பான் ஒருவன். "அது வாடகைக்கு இருக்குது, ஓனரக் கேளு," என்பான் இன்னொருவன். அவளும் சிரிப்பாள். வெற்றிலைக் காவிப் பல் தெரியச் சிரித்துவிட்டு, "அழிக்கிறது ஒரு நிமிஷ வேலைடா. அதுக்கு இன்னாத்துக்கு அவசரம்?" என்பாள். நாளைக்கு நாலு தடவையாவது இந்தப் பேச்சு வரும். எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிற மாதிரி இருக்கும். அவசரம் எனக்கல்லவா? அடுத்த சைட்டில் சாரம் கட்டிக் காத்திருக்குமே.

இருந்தும் ஒன்பது வருஷம் ஏன் வைத்திருந்தேன்? அவள் சுரண்டிய சுவர் குழந்தை கன்னம் மாதிரி இருக்கும். அதுதான் காரணம்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தி வந்திருந்தார். மருமகளின் அப்பா. தபால் ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், படித்தவர், அதனால் அவர் எதிரில் எனக்குக் குரல் ஒரு பங்கு கூடுதலாகவே வரும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது மருமகள் சொன்னாள், "மாமா, பேட்டைல பழைய வாடா ஒண்ண மியூசியமா மாத்தியிருக்காங்க. ஓவியம், சிற்பமெல்லாம் இந்தப் பக்கத்துக்காரங்க செஞ்சதாம்."

வாடா என்றால் இங்கே பேஷ்வா காலத்துப் பெரிய வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண், கருங்கல் அடித்தளம். ஆட்டோ வாசலில் நின்றதுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆணி அடித்த அந்தப் பெரிய மரக் கதவு. அதில் நுழைய ஒரு குட்டிக் கதவு.

"சம்பந்தி, இந்த வாடாவுக்கு உள்ள வேலை பண்ணது யாரு தெரியுமா?"

"யாருங்க?"

நான் மார்பில் தட்டிக்காட்டினேன்.

"அப்படிங்களா! சொல்லவே இல்லீங்களே."

எப்படிச் சொல்வேன்? அந்த வேலையைப் பற்றி இருபது வருஷமாக நான் ஒரே ஒரு கதைதான் சொல்லி வந்தேன். ஒரு சித்தாள் என் பேரைக் கெடுத்த கதை. அதை இந்த மனிதரிடம் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

உள்ளே நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். கல் சிலைகள், பித்தளை விளக்குகள், ஆளுயரக் கண்ணாடிச் சட்டத்தில் பழைய ராஜாக்கள் படம். நான் படத்தை எங்கே பார்த்தேன், சுவரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இது புதுப் பூச்சு, இது விரிசல், இது நம் வேலை இல்லை என்று. கீழ்த்தளத்து நீள அறைக்கு வந்தோம். ஒரு சுவருக்கு முன்னால் மட்டும் கயிறு கட்டி, மேலேயிருந்து விளக்குப் போட்டிருந்தார்கள். ஜனம் அங்கேதான் நின்றது.

சுவரின் வலப்பக்கப் பாதியில் ஓவியம். சிவப்பும் பச்சையுமாக நவ்வாரி என்கிற மராத்தி ஒன்பது கஜச் சேலை கட்டிய பெண்கள் மூன்று பேர். ஒருத்தி தோளில் கிளி. முன்னால் நிற்கிறவள் இரண்டு கையாலும் மாலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மாலை பாதியில் அறுந்து நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் வெறும் சுவர்.

நான் அந்த வெறும் சுவரைத்தான் முதலில் பார்த்தேன். இருபது வருஷம் ஆகியும் ஒரு பொட்டு உரியவில்லை. வெளிறின சந்தன நிறம், நான் கலந்த நிறம். வாய் சும்மா இருக்குமா?

"சம்பந்தி, அந்த இடப்பக்கச் சுவரைப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்குது பாருங்க. நம்ம கை! அடிச்சு இருபது வருஷம். ஒரு உரிசல் காட்டுங்க, நான் மீசையை எடுத்துடறேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏனுங்க சம்பந்தி, அந்தப் பக்கந்தானுங்களே படம் இல்லாமப் போச்சு," என்றார். குத்திச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர் இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார்.

மருமகள் பக்கத்தில் மாட்டியிருந்த பலகையைப் படித்துத் தமிழில் சொன்னாள். "சுவரோட இடது பகுதி பல வருஷம் ஈரம் கசிஞ்சு அழிஞ்சு போச்சாம் மாமா. மாலை யாருக்குப் போடறாங்கன்னு தெரியலையாம். வலது பகுதி, மேல இருந்த பழைய சுண்ணாம்பு உரிக்கப்படாம இருந்ததால தற்செயலா தப்பிச்சிடுச்சாம்."

"தற்செயலாவா?"

"ஆமா மாமா. அப்படித்தான் போட்டிருக்கு."

முற்றத்தில் வந்து கல் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலால் வந்த தலைசுற்றல் என்று மகன் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தான்.

இருபது வருஷத்துக்கு முன் நடந்தது இதுதான்.

அப்போது அந்த வாடா ஒரு பழைய குடும்பத்துக்குச் சொந்தம். கீழ்த்தளத்தைத் துணிக்கடைக்கு வாடகைக்குப் பேசியிருந்தார்கள். குடி பாட்வா, மராத்தியருக்கு வருஷப் பிறப்பு, அன்றைக்குக் கடை திறக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு நாள். சுவரில் எத்தனையோ தலைமுறைச் சுண்ணாம்பு, விரல்கடை கனம். சுண்ணாம்புமேல் டிஸ்டெம்பர் வர்ணம் நிற்காது, ஒரு மழைக்கே உரிந்து தொங்கும். அதனால் வெறும் காரை தெரிகிறவரை சுரண்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சட்டம். அவசரக்காரன் மேலாகப் பூசிவிட்டுப் போவான். நான் அப்படிச் செய்ததில்லை. அதில்தான் எனக்குப் பெயர். சுவரை நன்றாகத் தண்ணீர் அடித்து ஊறவைத்து, தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவோம்.

அந்த நீள அறைச் சுவரில் ஆறு பேர் இடப்பக்கமிருந்து தொடங்கினார்கள். செஞ்சியம்மா வழக்கம்போலத் தடவிக்கொண்டே வந்தவள் சாரத்துக்கு நடுவில் நின்றுவிட்டாள்.

"மேஸ்திரி, தண்ணி செகப்பா வருது."

"காவியா இருக்கும். அந்தக் காலத்துல காவி அடிச்சுட்டு மேல சுண்ணாம்பு அடிச்சிருப்பான். சுரண்டு."

பழைய வீடுகளில் அது சகஜம். நான் வெளியே, சுவரை வழவழப்பாக்கும் பட்டி மாவு கலக்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே தகட்டுச் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். செஞ்சியம்மா சாரத்தின்மேல் குந்தி, சேலை முந்தானையால் சுவரை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா வேடிக்கை இங்க?"

அவள் திரும்பாமலே சொன்னாள், "காவிக்குக் கண்ணு இருக்குது மேஸ்திரி."

ஏறிப் பார்த்தேன். இருந்தது. சுண்ணாம்பு விலகிய இடத்தில் ஒரு கண். நீளமான கண், ஓரம் சிவந்த கண். சங்கை அரைத்துப் பூசினாற்போல வெள்ளைவிழி மின்னியது. மேலே வில்லாகப் புருவம். சிவப்புத் தலைப்பாகையில் ஒரு மடிப்பு. காதில் முத்துக் கடுக்கன். பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய மீசை. ஆம்பளை. சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்கப் போகிறவனைப்போல வாயோரம் மடிந்திருந்தது. மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவன் முகம் அப்படித்தானே இருக்கும்? அப்போது எனக்கு மாலை தெரியாது. அது வலப்பக்கச் சுண்ணாம்புக்குள் இருந்தது.

அழகாக இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாம் வகுப்பு படித்தவனுக்கும் அழகு தெரியும்.

"வாடாக்காரரைக் கூப்புடு மேஸ்திரி. கேட்டுட்டு அப்பால அழிக்கலாம்," என்றாள்.

கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பழங்காலச் சித்திரம் என்று சர்க்கார் ஆள் வருவான், பூட்டுப் போடுவான், கடை திறக்காது, வேலை போகும், 'மதராசி மேஸ்திரி' என்று அடுத்த வேலைக்குக் கூப்பிட ஆள் இருக்காது. இது ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதை இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. ஆறு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சித்தாள் என்னை நிறுத்தச் சொல்கிறாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து கம்பி பிரஷ்ஷைப் பிடுங்கினேன். பக்கெட் தண்ணீரைச் சுவரில் வீசினேன். தேய்த்தேன். ஆள்வைத்துத் தேய்க்கவில்லை, நானே தேய்த்தேன். ஊறிய சாயம் பிரஷ்ஷுக்கு முன்னாலேயே ஓடியது. சிவப்பும் கறுப்புமாக என் முழங்கை வழியே ஒழுகியது. வெறும் காரை வந்ததும் அவளைப் பார்த்துக் கேட்டேன்:

"இப்ப எங்க கண்ணு?"

ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரித்ததால் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. சாரத்திலிருந்து இறங்கித் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, "மீதிச் செவுத்த நான் ஒருத்தியே பாக்கறேன் மேஸ்திரி. இவங்கள மாடிக்கு அனுப்பிடு," என்றாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நாலு நாள் தனியாகவே வேலை செய்தாள். மற்ற சுவரையெல்லாம் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிற நான் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. "இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்டா உனக்கு ஒரு கொறையும் வராது," என்றுகூடச் சொன்னேன். குடி பாட்வாவுக்குக் கடை திறந்தார்கள்.

மறு மழைக்காலம் முடியும்போது வாடாக்காரர் ஆள் அனுப்பினார். போனேன். இடப்பக்கச் சுவர் கண்ணாடி. வலப்பக்கச் சுவரில் டிஸ்டெம்பர் குஷ்டம் பிடித்த மாதிரி உரிந்து தொங்குகிறது. துணிமூட்டைகள்மேல் செதில் செதிலாகக் கொட்டியிருக்கிறது. கடைக்காரன், அவன் ஆட்கள், வாடாக்காரர், அவர் சம்சாரம் எல்லாரும் நிற்க, "மேஸ்திரி, யே க்யா ஹை?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் சுவரைக் காட்டி அப்படிக் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான். திருப்பிச் செய்து தருகிறேன் என்றேன். "இனி உன் காலே இங்கே படக்கூடாது," என்றுவிட்டார். பிறகு அவர்கள் பங்காளிச் சண்டையில் வாடாவே பூட்டிக் கிடந்தது என்று கேள்விப்பட்டேன்.

நேராக ஹடப்சர் சைட்டுக்கு வந்தேன். அவள் மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாடா செவுத்துல இன்னா பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ணல. மேலாகத் தேச்சு, பட்டி பாத்து உட்டுட்டேன். சுரண்டல."

"இன்னாத்துக்கு?"

சல்லடையைக் கீழே வைத்தாள். "அந்தப் பக்கமும் யாராவது இருப்பாங்கன்னு தோணுச்சு மேஸ்திரி. அவங்க யாருன்னு தெரியாது. யாரைக் கேக்கறதுன்னும் தெரியல, நீ கேக்க உடல. கேக்க ஆள் இல்லாதப்ப எப்படி அழிக்கிறது?"

அதற்கு நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. வயதில் மூத்த ஒரு பொம்பளையை, அத்தனை ஆட்கள் முன்னால். கடைசியில் 'என் சைட்டில் இனி உன்னைப் பார்க்கக் கூடாது' என்றேன். அவள் என்னுடைய சுரண்டு தகட்டைக் கழுவி, துடைத்து, மணல் குவியல்மேல் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். அதோடு விட்டேனா? எனக்குத் தெரிந்த மேஸ்திரிகள் ஏழெட்டுப் பேரிடம், "அந்தச் செஞ்சிக்காரியைச் சேர்க்காதே, சுரண்டாமல் ஏமாற்றுவாள்," என்று சொல்லி வைத்தேன். ஏமாற்றுவாள்! அவளையா அப்படிச் சொன்னேன்?

அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ரஞ்சன்காவ் ஷெட் வேலையின்போது, பக்கத்துக் கம்பெனி வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் காரில் இருந்தேன். கண்ணாடியை இறக்கவில்லை. அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுத் தரையில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்பீஸில் யாரோ எதையோ வரைந்திருக்க வேண்டும். யாரைக் கேட்கலாம் என்று சுற்றிலும் பார்த்தாள். கார் நகர்ந்துவிட்டது.

மியூசியத்துக்குப் போய்வந்த மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து அங்கே போனேன். அலுவலக அறையில் ஒரு மராத்திப் பெண் இருந்தாள். ஓவியங்களுக்கு அவள்தான் பொறுப்பு. என் மகள் வயதுகூட இருக்காது. "வாங்க காகா," என்று சித்தப்பா முறை சொல்லி நாற்காலி போட்டாள். எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். கண், கடுக்கன், மீசை, சிவப்புத் தலைப்பாகை. அவள் எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"நீங்க முகத்தைப் பார்த்தீங்களா?"

"பாத்தேன்."

"காகா, அந்த முகம் யாருடையதுன்னு நாங்க எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்துட்டோம். பார்த்த ஆள் ஒருத்தர் இருப்பார்னு நினைக்கவே இல்லை."

"ரெண்டு பேர்," என்றேன். "நானும், அந்தம்மாவும். மத்தவங்க வேடிக்கை பாத்தாங்க."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்றுதான் போனேன். அதற்குப் பதிலாகப் பேனாவைத் திரும்ப எடுத்து, "அந்த அம்மா பேர் என்ன?" என்று கேட்டாள்.

"செஞ்சியம்மா."

"அது பேரா?"

"ஊரு."

"பேர்?"

பதினோரு அடுக்குமாடிக்குச் சிமெண்ட் மூட்டைக் கணக்குச் சொல்லக்கூடியவனுக்கு அவள் பேர் தெரியவில்லை. ஒன்பது வருஷம். ஆஜர் புத்தகத்தில் அவளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், 'செஞ்சி' என்று. கையில் பச்சை குத்திய எழுத்து இருந்தது, அது அவள் பெயரோ, புருஷன் பெயரோ. கையைக் கழுவிக் காட்டச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

கிர்க்கியில் அவள் குடியிருந்த சந்துக்குப் போனேன். அவள் வீட்டு இடத்தில் இப்போது மொபைல் கடை. எதிர் வீட்டில் ஒரு தமிழ்க் கிழவி காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"செஞ்சியம்மாவா? அது பொண்ணுகிட்ட ஊருக்குப் போயி பத்து வருஷமாச்சேப்பா. இருக்குதோ இல்லையோ."

"அவங்க பேரு இன்னா?"

"செஞ்சியம்மாதான்." கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரு?"

"அவங்ககூட வேலை பாத்தவன்."

"அதுகூட வேலை பாத்தேன்ற, பேரு தெரியாதா?" என்று சிரித்துவிட்டு மறுபடி பூண்டை எடுத்தாள்.

செஞ்சிப் பக்கம் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பச்சை குத்திய கை, ஆண்பிள்ளைத் துண்டு, புனேவில் சித்தாள் வேலை. இதுவரை தகவல் இல்லை.

வாயால் சொன்னதை வைத்துப் பலகையை மாற்ற முடியாது, எழுத்தில் கொடுங்கள் என்று அந்த மராத்திப் பெண் சொன்னாள். எனக்கு எழுத வருவது தமிழ் ஒன்றுதான், அதுவும் எழுத்துக்கூட்டி. இதோ எழுதிவிட்டேன். மகன் மராத்தியில் மாற்றிக் கொடுப்பான். மாற்றும்போது என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு வரியும் விடக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். பலகையில் 'தற்செயலாக' என்றிருப்பதை எடுத்துவிடுங்கள். தற்செயல் இல்லை. ஒருத்தி நாலு நாள் தனியாக நின்று, வேலை போகும் என்று தெரிந்தே விட்டுவைத்தாள். பெயர் கிடைக்கும்வரை 'செஞ்சியம்மா' என்று போடுங்கள். அடியில் ஒரு வரி இடம் விட்டு வையுங்கள், கிடைத்ததும் கொண்டுவந்து தருகிறேன்.

'ஈரத்தால் அழிந்தது' என்றிருப்பதையும் எடுத்துவிடுங்கள். அந்தச் சுவரில் ஈரம் கிடையாது. இருந்திருந்தால் என் டிஸ்டெம்பர் இருபது வருஷம் நிற்குமா? அது என் வேலை. முழுக்க என் வேலை. செய்யாத ஈரத்துக்கு அதைக் கொடுக்காதீர்கள். என் பெயரை அப்பா பெயரோடு, ஊர் பெயரோடு முழுசாகப் போட்டு, 'தெரிந்தே, தன் கையால்' என்று எழுதுங்கள். மூன்று பாஷையிலும் எழுதுங்கள். தமிழில் எழுத ஆள் இல்லையென்றால் கூப்பிடுங்கள், நானே வருகிறேன்.

இத்தனை கட்டடம் எழுப்பினேன், எதிலும் என் பெயரைப் போடுங்கள் என்று கேட்டதில்லை. இதில் கேட்கிறேன். போடுங்கள்.